திங்கள்கிழமை இரவில் பதினாறு பேர்: நியூயார்க்கில் பிக் பேண்ட் ஜாஸை நேரில் கேட்க ஒரு முழு வழிகாட்டி

பதினாறு பேர் அளவில் சேர்ந்து வாசிக்கும் பெரிய குழுவின் இசையான பிக் பேண்ட் ஜாஸை யூடியூபில் கொஞ்சம் கேட்டுவிட்டு, "ஒரே சத்தம், பழைய படத்து கிளப் டான்ஸ் மாதிரி இருக்கு" என்று ஒதுக்கிவிடுபவர்கள் நிறையப் பேர். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பதிமூன்று ஊதுகருவிகள் ஒரே அறையில் முழங்கும்போது என்ன நடக்கிறது என்பதைக் காதில் செருகும் இயர்போன் காட்டிவிடாது. இந்த இசையை நேரில்தான் கேட்க வேண்டும். அதுவும் கூடியவரை சின்ன அறையில், கிட்டத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அலுவலக வேலையாகவோ, மகன் மகளைப் பார்க்கவோ நியூயார்க் போகிறவர்களுக்கு வாரந்தோறும் அதற்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. சுற்றுலாப் பட்டியல்களில் பெரும்பாலும் அது இடம்பெறுவதில்லை.

1. முதலில் கிழமை, பிறகுதான் இடம்

டிக்கெட் போடும்போதே நியூயார்க்கில் ஒரு திங்கள்கிழமை இரவு உங்கள் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கிரீனிச் வில்லேஜ் பகுதியில், செவன்த் அவென்யூ சவுத் 178ஆம் எண்ணில், சிவப்பு வெய்யில்மறைப்பு போட்ட ஒரு கதவு இருக்கும். அதுதான் வில்லேஜ் வேன்கார்ட். 1935இல் மேக்ஸ் கார்டன் தொடங்கிய கிளப். ஆரம்பத்தில் கவிதை வாசிப்பு, நகைச்சுவை, நாட்டுப்பாடல் என்று எல்லாமும் நடந்தது. 1950களின் பிற்பகுதியிலிருந்து ஜாஸ் மட்டும்தான். தரைக்குக் கீழே, ஆப்புபோல ஒடுங்கிக்கொண்டே போகும் அறை. மொத்தமாக 123 பேர் உட்காரலாம். அந்த அறையில் திங்கள்தோறும் பதினாறு பேர் கொண்ட வேன்கார்ட் ஜாஸ் ஆர்கெஸ்ட்ரா வாசிக்கிறது.

திங்கள்கிழமை அமைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அன்று பிராட்வே நாடக அரங்குகளில் பலவற்றுக்கு விடுமுறை, கிளப்புகளிலும் கூட்டம் குறைவு. நாள் முழுக்க ஸ்டூடியோவில் விளம்பரத்துக்கும் தொலைக்காட்சிக்கும் வாசித்துச் சலித்துப்போன கலைஞர்களுக்குக் கிடைக்கும் ஓய்வு இரவு அது. டிரம்பெட் கலைஞர் தாட் ஜோன்ஸும் டிரம்ஸ் கலைஞர் மெல் லூயிஸும் 1965 கடைசியில் அப்படிப்பட்டவர்களைத் திரட்டி ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார்கள். கையில் ஏற்கெனவே ஒரு கட்டு இசைத்தாள்கள் இருந்தன. பிக் பேண்ட் தலைவர் கவுண்ட் பேஸி தன் குழுவுக்காகத் தாட் ஜோன்ஸிடம் எழுதித் தரச் சொல்லி, பிறகு "நம் பாணிக்கு ஒத்துவராது" என்று விட்டுவிட்ட உருப்படிகள் அவை. 1966 பிப்ரவரி 7ஆம் தேதி, ஒரு திங்கள்கிழமை, வேன்கார்டில் முதல் நிகழ்ச்சி. பிப்ரவரி மாதத் திங்கள்களுக்கு மட்டும் என்றுதான் மேக்ஸ் கார்டன் இடம் கொடுத்தார். தாட் ஜோன்ஸ் 1979 வாக்கில் கோபன்ஹேகன் போய்விட்டார், மெல் லூயிஸ் 1990இல் காலமானார், கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாக மாறினார்கள். திங்கள்கிழமை மட்டும் மாறவில்லை, கொரோனா காலத்து அடைப்பு தவிர. பிப்ரவரியில் ஆண்டுவிழா என்று தொடர்ந்து பல இரவுகள் வாசிப்பதும் உண்டு. குளிருக்குப் பயமில்லை என்றால் அந்தச் சமயத்தில் போகலாம்.

திங்கள் கிடைக்கவில்லையா? கொலம்பஸ் சர்க்கிளில் ஜாஸ் அட் லிங்கன் சென்டர் இருக்கிறது. 2004இல் திறந்த ரோஸ் தியேட்டர் அதன் பெரிய அரங்கு, ஏறத்தாழ 1,200 இருக்கைகள். டிரம்பெட் கலைஞர் வின்டன் மார்சாலிஸின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அதன் ஆர்கெஸ்ட்ரா உலகத்திலேயே துல்லியமான குழுக்களில் ஒன்று. குழந்தைகளோடு போகவும், சபா நாற்காலியில் உட்கார்ந்து நிம்மதியாகக் கேட்கவும் அது தோது. ஆனால் மேல் பால்கனியில் உட்கார்ந்தால் இசை மேடையிலேயே நின்றுவிடும், உங்கள் நெஞ்சுவரை வராது. 44ஆவது தெருவில் உள்ள பேர்ட்லேண்ட் கிளப்பில் வெள்ளி மாலை அந்தக் கிளப்பின் பெயரிலேயே ஒரு பிக் பேண்டும், ஞாயிறு இரவு ஆர்டுரோ ஓஃபாரிலின் ஆஃப்ரோ லத்தீன் ஜாஸ் ஆர்கெஸ்ட்ராவும் வாசிப்பது பல ஆண்டு வழக்கம். போகும் வாரத்து நாட்காட்டியை மட்டும் ஒருமுறை சரிபாருங்கள். சுற்றுப்பயணம் வந்தால் நிரல் மாறும்.

கையைக் கடிக்கும் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு வழி: ஜூலியார்ட், மேன்ஹாட்டன் ஸ்கூல் ஆஃப் மியூசிக் போன்ற கல்லூரிகளின் மாணவர் ஜாஸ் ஆர்கெஸ்ட்ராக்கள். கல்வியாண்டு நடக்கும் மாதங்களில் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ நடத்துகிறார்கள். மாணவர்கள்தானே என்று நினைக்க வேண்டாம். நாளைக்கு வேன்கார்டில் உட்காரப் போகிறவர்கள் இவர்களில்தான் இருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், முதல் அனுபவம் வேன்கார்டில்தான். மற்றவை பிறகு.

2. டிக்கெட்

வேன்கார்டில் ஒரே இரவில் இரண்டு செட், அதாவது இரண்டு தனித்தனி நிகழ்ச்சிகள்: எட்டு மணிக்கு ஒன்று, பத்து மணிக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி டிக்கெட். சுமார் 40 டாலர், கூடவே ஆளுக்கு ஒரு பானமாவது வாங்கியாக வேண்டும். கிளப்பின் சொந்த இணையதளத்திலேயே வாங்குங்கள். தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் மறுவிற்பனைத் தளங்கள் அதே இருக்கையை இரண்டு மடங்குக்கு விற்கும்.

இந்திய வங்கி அட்டையில் வாங்குவதானால் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முதலிலேயே திறந்து வையுங்கள். அது மூடியிருந்தால் பணம் போகாது. ஓடிபி வரும் என்று காத்திருக்கவும் வேண்டாம். அமெரிக்கத் தளங்கள் பல அதைக் கேட்பதே இல்லை.

எந்த செட்? ஊரிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகவில்லை என்றால் எட்டு மணி. கோடைக்காலத்தில் நியூயார்க்கில் இரவு எட்டு என்பது சென்னையில் விடிகாலை ஐந்தரை, குளிர்காலத்தில் ஆறரை. ராத்திரி முழுக்க விழித்திருந்ததாக உடம்பு கணக்குப் போடும். பத்து மணி செட் பாதியில் தலை தொங்க ஆரம்பித்துவிடும், அதுவும் மெதுவான உருப்படி வந்தால் கேட்கவே வேண்டாம். நேர வித்தியாசம் பழகிவிட்டது என்றால் பத்து மணியே மேல். குழு சூடேறியிருக்கும், கூட்டமும் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

3. போவதற்கு முன் காதைத் தயார் செய்தல்

பெரிய பாடத்திட்டமெல்லாம் வேண்டாம். மூன்று பெயர் போதும். கவுண்ட் பேஸி குழுவின் 1930களின் கடைசி ஒலிப்பதிவுகள் சில: சின்னச் சின்னச் சொற்கட்டுகளைத் திரும்பத் திரும்ப வாசித்தே எப்படி வேகம் ஏற்றுகிறார்கள் என்று புரியும். டியூக் எலிங்டனின் 1940 வாக்கு ஒலிப்பதிவுகள்: ஒவ்வொரு கலைஞரின் குரலுக்கென்றே எழுதப்பட்ட இசை. மூன்றாவதாக தாட் ஜோன்ஸ் - மெல் லூயிஸ் குழு.

எலிங்டன் நமக்கு அவ்வளவு தூரத்து ஆளும் இல்லை. அமெரிக்க வெளியுறவுத் துறை அனுப்பிய 1963ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் அவர் குழு டில்லி, ஹைதராபாத், பெங்களூர், மதராஸ், பம்பாய், கல்கத்தா, கொழும்பு என்று வாசித்துக்கொண்டே போனது. அந்தப் பயணத்தின் நினைவுகளிலிருந்து பிறந்ததுதான் 1966இல் பதிவான 'ஃபார் ஈஸ்ட் சூட்' என்ற இசைத்தொகுப்பு. மதராஸில் அன்று அந்தக் குழுவைக் கேட்ட காதுகளுக்கு என்ன தோன்றியிருக்கும் என்பதை யாராவது விரிவாக எழுதிவைத்திருந்தால் நன்றாயிருக்கும்.

4. அன்று மாலை

வேன்கார்டில் சாப்பாடு கிடையாது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இரண்டு நிமிட நடையில், கிரீனிச் அவென்யூவில், 'செம்ம' என்ற தமிழ்ச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. மதுரைப் பக்கத்துக்காரரான விஜய் குமார் சமைக்கும் இடம். 2022இல் மிஷ்லின் நட்சத்திரம் வாங்கியது. நத்தைப் பிரட்டலும் பொடி தோசையும் பேர்போனவை. இடம் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. வாரக்கணக்கில் முன்பதிவு செய்யாமல் போய் வாசலில் நின்று எட்டு மணி செட்டைத் தவறவிடாதீர்கள். சுற்றிலும் பீட்சா துண்டு விற்கும் கடைகள் ஏராளம், அதுவும் போதும்.

உடை பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஜீன்ஸ் போதும். பெரிய பை, ஷாப்பிங் மூட்டை வேண்டாம். மேஜை என்பது இரண்டு கிளாஸ் வைக்கும் அளவு வட்டம்தான், முழங்காலை மடக்கத்தான் இடம் இருக்கும். மது வாங்க நினைத்தால் வயதுச் சான்றுக்கு பாஸ்போர்ட் வேண்டும். அங்கே வரம்பு 21. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துப்போனால் ஒன்று நினைவிருக்கட்டும்: உள்ளே போக ஒரே வழி செங்குத்தான குறுகிய படிக்கட்டு. அவர்களுக்கு லிஃப்ட் உள்ள ஜாஸ் அட் லிங்கன் சென்டர்தான் சரி.

சப்வேயில் 1, 2, 3 ரயில்கள் நிற்கும் 14ஆவது தெரு நிலையத்தில் இறங்கி, தெற்குப் பக்க வாசலில் ஏறினால் சில நிமிட நடை.

5. எங்கே உட்காருவது

டிக்கெட்டில் இருக்கை எண் கிடையாது. வந்த வரிசைப்படி ஊழியர்கள் உட்கார வைப்பார்கள். அதனால் கதவு திறக்கும் நேரத்துக்கு, அதாவது ஏழு மணிக்கு, முன்னதாகவே போய் வரிசையில் நிற்பது நல்லது.

முதல் வரிசை மேஜை கிடைத்தால் எல்லாரும் மகிழ்ந்துபோவார்கள். நான் அவ்வளவாகச் சிபாரிசு செய்ய மாட்டேன். முன்னால் உட்காருவது சாக்ஸபோன் வரிசை. அவர்களுடைய இசைத்தாளையே படித்துவிடலாம், சாவிகள் தட்டும் ஓசைகூடக் கேட்கும். ஆனால் டிராம்போனும் டிரம்பெட்டும் உங்கள் தலைக்கு மேலே பறந்து போய்விடும். அறையின் நடுவில், அல்லது சுவரோரமாக ஓடும் நீள இருக்கையின் மையப் பகுதியில் உட்கார்ந்தால் மூன்று வரிசையும் ஒன்றாகக் கலந்து வரும். அறை சின்னது, கடைசி மேஜைகூடத் தூரமில்லை. காது கூசுபவர்கள் மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் ஒரு ஜோடி பையில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு டிரம்பெட்டுகள் உச்சத்துக்குப் போகும்போது தாழ்ந்த கூரை அதை இன்னும் பெரிதாக்கும்.

6. பானம், டிப்ஸ், போன்

செட் ஆரம்பிக்கும் முன்பே ஆர்டர் வாங்க வருவார்கள். மது குடித்தாக வேண்டும் என்றில்லை. ஜூஸ், ஜிஞ்சர் ஏல், சோடா எதுவானாலும் கணக்கில் சேரும். விலைப்பட்டியலில் இருப்பதோடு 8.875 சதவீத விற்பனை வரி சேரும். அதற்கு மேல் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ். நம் ஊரில் விருப்பம். அங்கே அது பரிமாறுபவரின் சம்பளத்தில் ஒரு பகுதி. சில்லறை டாலர் நோட்டுகள் வைத்திருங்கள்.

படம், வீடியோ, ஒலிப்பதிவு எதுவும் கூடாது. போனை அணைத்துவிடச் சொல்வார்கள். இருட்டில் திரை மின்னினால் ஊழியர் வந்து தோளைத் தொடுவார். வாசலில் நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு உள்ளே போனால் வேலை முடிந்தது. வாசிக்கும்போது பக்கத்து ஆளிடம் கிசுகிசுப்பதும் அங்கே பிடிக்காத காரியம்.

7. என்ன கேட்பது, எதைப் பார்ப்பது

முன்வரிசையில் ஐந்து சாக்ஸபோன்: இரண்டு ஆல்டோ, இரண்டு டெனர், ஓரத்தில் பருத்த பாரிடோன். கத்ரி கோபால்நாத் கையில் பார்த்த கருவி ஆல்டோ, அதை வைத்து அளவைப் பிடித்துக்கொள்ளலாம். அவர்கள் காலடியில் புல்லாங்குழலும் கிளாரினெட்டும் நிற்கும். உருப்படிக்கு நடுவிலேயே குனிந்து மாற்றிக்கொள்வார்கள். அடுத்து நான்கு டிராம்போன், கடைசியில் நான்கு டிரம்பெட். பக்கவாட்டில் பியானோ, நின்றபடி வாசிக்கும் பெரிய பாஸ், டிரம்ஸ்.

கணக்கு நமக்குச் சுலபம். பெரும்பாலான உருப்படிகள் நான்கு அடி கொண்ட பார்களால் ஆனவை. ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம் போட்டால் இரண்டு பார். பன்னிரண்டு பார் புளூஸ் என்ற பாட்டு வடிவம் என்றால் ஆறு ஆவர்த்தனத்தில் ஒரு சுற்று முடியும். முப்பத்திரண்டு பார் பாட்டு என்றால் பதினாறு ஆவர்த்தனம். முதல் நான்கில் ஒரு மெட்டு, அடுத்த நான்கில் அதே மெட்டு, மூன்றாவது நான்கில் வேறு ஒன்று, கடைசி நான்கில் மறுபடி பழையது. தொடையில் விரலால் மெல்லப் போட்டுப் பாருங்கள். சோலோ (தனி வாசிப்பு) வாசிப்பவர் எங்கே சுற்றிவந்தாலும் அந்தச் சுற்றின் வாசலுக்கு எப்படித் திரும்பி வருகிறார் என்பது பிடிபட்டுவிட்டால் பாதி ஜாஸ் புரிந்த மாதிரி. அழுத்தம் மட்டும் வேறு இடத்தில்: நாம் ஒன்றில் தட்டுவோம், அவர்களுக்கு இரண்டும் நான்கும்தான் கனம். சத்தமாகத் தாளம் போடவே போடாதீர்கள், அதுவும் ஒன்றில்.

இனி முக்கியமானது. புதிதாகக் கேட்பவர்கள் எழுந்து நின்று சோலோ வாசிப்பவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஐந்து பேர் குழுவில் அது சரி. பிக் பேண்டில் பாதிக் கதை அவருக்குப் பின்னால் நடக்கிறது. சோலோ இரண்டாவது சுற்றுக்குப் போகும்போது டிராம்போன்கள் அடியில் மெல்ல ஒரு மெத்தை விரிக்கும். மூன்றாவதில் சாக்ஸபோன்கள் குறுக்கே ஒரு சொல் போடும். எல்லாம் தாளில் எழுதியிருப்பது. எழுதாமல் மனோதர்மமாக வருவதும் எழுதி வைத்ததும் ஒரே நேரத்தில் மோதிக்கொள்ளும் இடம் அது, பிக் பேண்டின் சாரமே அங்கேதான் இருக்கிறது. பேஸிக்குப் பொருந்தாமல் போன அந்தத் தாள்களில் இந்த வேலை அடர்த்தியாக இருக்கும். தாட் ஜோன்ஸின் சுரக்கூட்டுகள் பக்கத்துப் பக்கத்துச் சுரங்களை உரசவிட்டு நெருக்கமாக எழுதப்பட்டவை. கொஞ்சம் புளிப்பாகத்தான் இருக்கும், பழகினால் விட மனம் வராது.

அடுத்தது, ஐந்து சாக்ஸபோன்களும் சோலோ போன்ற ஒரு நீண்ட சொற்கட்டை ஒன்றாக, ஒரே மூச்சில் வாசிக்கும் பகுதி. அந்த நேரத்தில் முதல் ஆல்டோக்காரரைப் பாருங்கள். எங்கே மூச்சு எடுப்பது, எந்தச் சுரத்தை வளைப்பது என்று மற்ற நால்வரும் அவரைத்தான் பின்பற்றுகிறார்கள். பின்வரிசையில் அதே பொறுப்பு முதல் டிரம்பெட்டுக்கு.

உருப்படி முடியும் தறுவாயில் குழு மொத்தமும் சேர்ந்து முழங்கும் பகுதிக்கு ஷவுட் கோரஸ் என்று பெயர். அதற்குச் சற்று முன் பின்வரிசையைக் கவனியுங்கள். டிரம்பெட்டின் நீர் வால்வைத் திறந்து ஒருவர் தண்ணீரைத் தள்ளுவார், இன்னொருவர் மியூட்டை (ஒலியை மாற்றக் கருவியின் வாயில் வைக்கும் மூடி) கழற்றித் தொடையிடுக்கில் வைப்பார், உதட்டை ஈரப்படுத்திக்கொள்வார்கள், நான்கு டிரம்பெட் வாய்களும் ஒன்றுபோல மேலே எழும். அந்த நொடிக்கு முன்பே டிரம்ஸ்காரர் ஒரு சின்ன உதை வைத்திருப்பார். பதினாறு பேரும் ஒரே இடத்தில் விழ அதுதான் சைகை.

மியூட் என்று சொன்னேன். அதில் ஒன்று குளியலறை அடைப்பு எடுக்கும் ரப்பர் கிண்ணமேதான், கட்டை கழற்றியது. அதைக் கருவியின் வாய்முன் திறந்து மூடினால் கருவி பேசுவதுபோல 'வா வா' என்று உறுமும். எலிங்டன் குழுவில் பபர் மைலியும் டிரிக்கி சாம் நான்டனும் அதை ஒரு கலையாகவே ஆக்கினார்கள்.

8. எப்போது கைதட்டுவது

ஒவ்வொரு சோலோ முடிந்ததும், உருப்படி ஓடிக்கொண்டிருக்கும்போதே. தனி ஆவர்த்தனம் முடிந்து தட்டுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் ஆரம்பித்ததும் நிறுத்திவிட வேண்டும். நல்ல இடத்தில் 'யே' என்று ஒரு குரல் விடுவது சபாஷுக்குச் சமம், தாராளமாக விடலாம். மெதுவான உருப்படிகளில் மட்டும் கடைசிச் சுரம் அடங்கும்வரை பொறுங்கள்.

9. முடிந்த பிறகு

ஒரு செட் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே போகும். எட்டு மணிக்காரர்களை அனுப்பிவிட்டுத்தான் அடுத்த செட்டுக்கு ஆள் விடுவார்கள். கூட்டம் குறைவாக இருந்தால் இரண்டாவதுக்கு இடம் இருக்கிறதா என்று ஊழியரிடம் கேட்டுப் பார்க்கலாம். கலைஞர்களுக்கு ஒப்பனை அறை எல்லாம் கிடையாது. பழைய சமையலறைதான் அவர்கள் ஓய்வறை. ஆகவே வழியிலேயே நிற்பார்கள். "மூன்றாவது உருப்படியில் உங்கள் சோலோ நன்றாக இருந்தது" என்று குறிப்பாகச் சொன்னால் நின்று பேசுவார்கள். குறுந்தட்டு விற்றால் அங்கேயே வாங்குங்கள், பணம் நேராகக் குழுவுக்குப் போகும். பத்து மணி செட் முடிய நள்ளிரவு நெருங்கிவிடும். சப்வே இரவு முழுக்க ஓடும், ஆனால் அந்நேரத்தில் வண்டிகளுக்கு இடையே இடைவெளி அதிகம், சில தடங்கள் மாறியும் ஓடும். கிளம்பும் முன் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. நியூயார்க் இல்லாமல் ஐரோப்பா என்றால்

அமெரிக்காவில் பிக் பேண்ட் பிழைப்பது கலைஞர்களின் பிடிவாதத்தால். ஐரோப்பாவில் வானொலி நிலையங்களின் மாதச் சம்பளத்தால். ஜெர்மனியில் கொலோன் நகரின் டபிள்யூடிஆர் பிக் பேண்ட், ஃபிராங்க்ஃபர்ட்டின் எச்ஆர் பிக் பேண்ட், தாட் ஜோன்ஸ் தலைமை தாங்கப் போன கோபன்ஹேகன் வானொலியின் பிக் பேண்ட் (1964இல் தொடங்கியது) எல்லாம் முழுநேரத் தொழில்முறைக் குழுக்கள். புதிய இசையை அதிகம் எழுத வைப்பதும் இவர்கள்தான். ஜெர்மனியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு மாணவர் கட்டணம் உண்டா என்று டிக்கெட் பக்கத்தில் தேடிப் பாருங்கள், பல அரங்குகளில் உண்டு. லண்டனில் ஃபிரித் தெருவில் ரோனி ஸ்காட்ஸ் இருக்கிறது. 1959இல் ஜெரார்ட் தெருவில் தொடங்கி 1965இல் இங்கே மாறிய கிளப். அதன் நிரலில் 'ஆர்கெஸ்ட்ரா' அல்லது 'பிக் பேண்ட்' என்ற சொல் வரும் இரவுகளாகப் பார்த்துப் போடுங்கள். அங்கே இருக்கைக்கு ஏற்ப விலை மாறும். மேடைக்கு நேர் எதிரே வாங்க வசதியில்லை என்றால் பக்கவாட்டு இருக்கை போதும். பார் ஓரத்து இடம் வேண்டாம், கிளாஸ் கழுவும் சத்தம் பாஸை விழுங்கிவிடும்.